மரத்தூளால் வந்த வினை

வேலை மாற்றலாகி நான் சதுரங்கப்பட்டினத்துக்குத் தனியாக வந்து ஐந்து மாதமாகிறது. ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஆளில்லை. அதனால் செங்கல்பட்டில் மீன்தொட்டி விற்கும் கடையில் ஒரு வெள்ளைச் சுண்டெலி வாங்கினேன். "ஒத்தையா வோணாம்மா, ரெண்டா எடுத்துக்க" என்றார் கடைக்காரர். எனக்கு ஒன்றே போதும் என்றேன்.

கூண்டு மெத்தென்று இருக்கட்டுமே என்று, தச்சுப் பட்டறையில் மரத்தூள் வாங்கிப் பரப்பினேன். நாலாம் நாள் எலி தும்மியது. மறுநாள் காலை மூலையில் சுருண்டு மூச்சுக்குத் திணறியது. பதறிப்போய் லீவு சொல்லிவிட்டு, மூடியில் ஓட்டை போட்ட டப்பாவில் அதை வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கால்நடை டாக்டரிடம் ஓடினேன். வழியெல்லாம் "செத்துடாதடி" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

"அந்தத் தூசியும் நெடியும் எலிக்கு ஆகாதும்மா" என்று டாக்டர் மருந்து கொடுத்தார். "தனியாவா வெச்சிருக்கீங்க? பொட்டை எலி துணையில்லாம ஏங்கிப்போயிடும்."

ஒரு வாரத்தில் தேறிவிட்டது. இப்போது அச்சடிக்காத காகிதத்தைக் கிழித்துத்தான் போடுகிறேன். இன்னொரு பெண் எலியும் வாங்கிவிட்டேன். இரண்டும் ஒட்டிக்கொண்டு தூங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிறேன்.