சத்தத்தை நிறுத்தி எடுத்த படம்

ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்தால் அடுப்படிப் பாத்திரங்கள் அதிரும் வீட்டில் பிறந்தவள் சத்யப்பிரியா. அந்த அதிர்வு கல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் ஆசையில்தான் இயற்பியல் படித்தாள். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்க்கவும் செய்தாள். படிகத்துக்குள் காதுக்கு எட்டாத ஒலியைச் செலுத்தி, அதன் தாளத்துக்கு எக்ஸ்-ரே கதிரை விட்டுவிட்டுப் பாய்ச்சினால், ஓடும் அலை வெளிச்சமும் நிழலுமாக வரிவரியாய்ப் படத்தில் விழும்.

அவள் எடுத்த அந்தப் படங்களை அவளுக்கு மேலே இருந்த விஞ்ஞானி தர்மராஜ் தன் பெயரில் வெளியிட்டார். அவரும் அவள் ஊர்ப் பக்கம், பெரம்பலூர்க்காரர்தான். கேட்டதற்குச் சிரித்தார்.

"கல்லு ஒடைக்கிற ஊர்லேருந்து வந்த புள்ள, பட்டன அழுத்துனதுக்கெல்லாம் பேர் போட முடியுமா?"

அவள் அழவில்லை. கட்டுரையைத் திறந்து பார்த்தாள். முதல் பக்கத்தில் அவர் போட்டிருந்தது, கருவியைச் சோதிக்க அவள் ஒலியை நிறுத்திவிட்டு எடுத்த படம். அதில் இருந்த வரிகள் அலையே இல்லை. படிகத்தைப் பசையால் ஒட்டியபோது உண்டான இறுக்கம். அழகாக இருந்ததால் எடுத்துப் போட்டுவிட்டார். அன்றே சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார். அவள் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். அந்தப் படத்தால் அவருக்குப் பரிசு வந்தது, பெரிய பதவி வந்தது. இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தாள்.

சொந்த ஊர்க்காரர் என்று அந்தக் கல்லூரியே அவரைப் பேசக் கூப்பிட்டது. திரையில் அதே படம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து சத்யப்பிரியா எழுந்தாள்.

"சார், சத்தத்த நிறுத்துனா இந்த வரியெல்லாம் மறையணும்ல?"

"கண்டிப்பா மறையும்மா."

"மறையலைங்க சார். நிறுத்திட்டு எடுத்த படந்தான் இது. அதே படிகத்துல அலை ஓடுற படம் என்கிட்ட இருக்கு. பக்கத்துல போடட்டுங்களா?"

அப்போதுதான் அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. இரண்டு படங்களும் திரைக்கு வந்தன. அவர் காட்டிய வரிகள் இரண்டிலும் அசையாமல் கிடந்தன. அவள் படத்தில் மட்டும் அவற்றின் குறுக்கே உண்மையான அலை தனியாகப் போயிற்று. அவர் தண்ணீர் கேட்டார். சில மாதங்களில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், பதவியும் போயிற்று.

விஷயம் கேள்விப்பட்ட அம்மா கொளஞ்சியம்மாள், "மொதல்லயே அந்த மனுசன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரும்மா."

"நீயும்தான் இத்தன வருசமா அந்த மெஷின் பக்கமே போவல."

"போவல," என்றாள் சத்யப்பிரியா. பல வருடங்களுக்குப் பிறகு அன்று அவளுக்கு நன்றாகப் பசித்தது.