மூன்றாவது டப்பாவில் பச்சைக் காய்

1999 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு பத்து. மழை விட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மலையூரின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் பனி இறங்கி, எதிர்ச் சாரிக் கடைகளில் மூன்றின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கேபிள்காரர் கடை மேசைமேல் நான்கு பிஸ்கட் டப்பாக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் ஒரு முகத்தின் புகைப்படம். மூன்றாவது டப்பாவில் மட்டும் பச்சைக் காப்பிக் காய் விளிம்பைத் தாண்டிக் குவிந்து, மேசையிலும் சிதறிக் கிடந்தது. அதில் இருந்த முகம், ஞாயிறுதோறும் என் வீட்டைப் பெருக்கித் துடைக்க வரும் பெண்ணுடையது. தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள். மகளோடு, எஸ்டேட் தன் வேலையாட்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் இருந்தாள்.

பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சென்னைப் பதிப்பகம் ஒன்று கொண்டுவந்த கலைக்களஞ்சியத்துக்கு வீட்டிலிருந்தே பதிவுகளைச் செப்பனிட்டுக் கொடுத்துவந்தேன். அந்த ஆண்டு தொலைக்காட்சித் தொகுதி. சாதாரண மனிதர்களை ஓரிடத்தில் விட்டுப் படம் பிடித்து, வாரம் ஒருவரை வெளியே அனுப்பும் போட்டி ஒன்று ஐரோப்பாவில் ஒரு நாட்டில் தொடங்கி, பக்கத்து நாடுகளில் கிளை விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிளைகளைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று பதிப்பகம் பதினேழு விதிகளைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினாறுதான். பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு. இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பதில் வரவில்லை.

தலைப்பில் தாய் நிகழ்ச்சியின் பெயர் முதலில், நாட்டின் பெயர் பிறகு. கிளைகளை அகர வரிசையில் வைக்கக் கூடாது, ஒளிபரப்பான வரிசையில்தான் வைக்க வேண்டும். ஒரு பருவத்தோடு நின்றுபோனதற்குத் தனிப் பதிவு கிடையாது. தாயிடம் உரிமை வாங்காமல் நடத்தியதைப் பதிவு செய்யவே கூடாது. ஆட்டக்காரர்களின் குடும்பம், சாதி, வருமானம் எதுவும் வேண்டாம். அட்டவணையில், வாக்கில் தோற்றவருக்கு எதிரே விழுந்த வாக்குகளின் எண்ணிக்கையைப் போட வேண்டும். எண்ணுவதற்கு முன் தானாக விலகியவருக்கு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். அவர் பேரில் எத்தனை விழுந்திருந்தாலும் அது கணக்கில்லை. இது பதினோராம் விதி.

அக்டோபரில் ஒயர் மாற்ற வந்த கேபிள்காரர் மேசைமேல் இருந்த பதிவை நின்றபடியே படித்து முடித்தார்.

"ஏனுங்க சார், இத நம்மூர்ல நடத்துனா சனம் பாக்குமுங்களா?"

"மொதல்ல உரிமை வாங்கணுமே."

"அந்த வெள்ளக்காரன் மல ஏறி வந்தா கேக்கப் போறானுங்க?"

"அங்கே ஆடறவங்களே ஓட்டுப் போட்டு ஒருத்தரை அனுப்பறாங்க. உங்களுக்கு அது ஒத்துவருமா?"

"ஐயோ, அவியளுக்குள்ள போட்டா மண்ட ஒடஞ்சிருமுங்க. பாக்கற சனம் போடட்டும்."

அடுத்த வாரமே காலியாகக் கிடந்த ஒரு பங்களாவில் ஆறு பேரைக் கொண்டுவந்து வைத்தார். தினமும் மாலை அரை மணி நேரம் அவருடைய சேனலில் அவர்கள் சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வென்றவருக்குக் கலர் டிவி. வாக்குச்சீட்டு அடிக்கச் செலவாகும் என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடைக்கு வந்து ஆளின் டப்பாவில் காப்பிப் பழம் போட்டால் இருக்கலாம், காய் போட்டால் போக வேண்டும். விழுகிற பழத்தைக் காயவைத்து விற்றுக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

ஒரு பழம்கூட விழவில்லை. பழத்துக்குக் கூலி உண்டு, காய்க்கு இல்லை.

"பழத்த இங்க போட்டுட்டு எடைக்கு எதப் போடறது? காயின்னா போற வழீல உருவிக்கிட்டு வரலாமுங்க" என்று கடையில் ஒருத்தி சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் பழம் பறிக்கிறவர்கள். ஆறு முகங்களில் அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். "வேலைக்கு வராம மவராசி டிவில குந்தியிருக்கா, ஊடு வந்து சேரட்டும்" என்று மூன்றாவது வாரம் அவள் டப்பாவிலேயே போட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளில் காய் கைக்கு வந்த டப்பாவில் விழுந்து, ஒரு தையல்காரரும் ஒரு ஜீப் ஓட்டுநரும் போயிருந்தார்கள். மூன்றாவது ஞாயிறுதான் நான் சொன்ன அந்த நாள்.

டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவளுடைய எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர் உள்ளே வந்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு காயை எடுத்து நகத்தால் கீறினார்.

"நேத்துப் பறிச்சதுங்க. இத்தனையும் அவ கணக்குல எழுதோணும்."

"அவ பங்களாவுக்குள்ள இருக்கா. அவ எப்படிப் பறிச்சிருப்பா?"

"யாரு பறிச்சாங்கன்னு காட்டுலயே நாங்க கேக்கறதில்லீங்க. யாரு கூடையில கெடக்குதோ அவியது. படம் ஒட்டியிருந்தா அது கூடைதானுங்க."

அங்கே நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. காய் போட்டவர்களுக்கும் அந்தக் கணக்கு சரியாகவே பட்டது என்பதை அப்போதுதான் பார்த்தேன். கூடையில் காய் இருந்தால் அன்றைய கூலியில் பிடிப்பார்கள். ஒரு பருவத்தில் மூன்று முறை எழுதப்பட்டால் பேர் அடிபடும். பேர் போனால் லைன் வீடும் போகும். இந்த டப்பா ஒரே நாளில் மூன்று முறைக்குச் சமம் என்று ரைட்டர் சொன்னார். "ஆறு மணிக்கு எண்ணட்டும். எண்ணுனா எழுதிப்போடுவேன்."

பதினோராம் விதி நினைவுக்கு வந்தது. பங்களா ஒன்றரைக் கிலோமீட்டர். எனக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. பனியில் எதிரே வந்த ஜீப்பின் சத்தம் கேட்டது, உருவம் தெரியவில்லை. இரண்டு முறை சாலையோரம் ஒதுங்கி நின்றேன். போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து பத்து.

அவள் சமையலறை ஜன்னலருகே வந்தாள். பின்னால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பவே வெளியே வந்துடு. எண்ணறதுக்கு முன்னாடி வந்தா உன் பேர்ல எதுவும் இல்ல."

"இன்னும் மூணு பேருதானுங்க ஐயா. டிவியக் குடுத்துட்டா வித்துப்போட்டு பாப்பாவுக்கு..."

"டப்பா முழுக்கக் காய். ரைட்டர் கடையிலேயே நிக்கறார்."

அவள் எவ்வளவு என்று கேட்கவில்லை. "யாருங்க போட்டாங்க?" என்று கேட்டாள். நேரமாகிறது என்றேன். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். கடைக்கு நாங்கள் வந்தபோது ஆறாக ஏழு நிமிடம். அவள் விலகிக்கொண்டதாகச் சொன்னதும் கேபிள்காரர் நொந்துகொண்டே அவள் படத்தைக் கிழித்தார். ரைட்டர் படம் இல்லாத டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கூடைய எறக்கி வெச்சுட்டாளுங்க. செரி, இந்தக் காயி கடைக்காரரு கணக்கு" என்று குடையை விரித்தார்.

தப்பிவிட்டாள் என்றுதான் அன்று நினைத்தேன். பெண்கள் கூட்டம் கலையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி மட்டும், "வந்துட்டியா கண்ணு" என்று அன்பாகத்தான் கேட்டாள்.

திங்கட்கிழமை மாலை எடை போடும் இடத்தில் அவள் கூடையைக் கவிழ்த்தபோது, பழத்துக்கு அடியில் இரண்டு கைப்பிடி பச்சைக் காய் இருந்தது. அவள் பறித்ததல்ல. ரைட்டர் எழுதினார். செவ்வாய்க்கிழமை தண்ணீர் குடிக்கப் போகும்போதுகூடக் கூடையை முதுகிலேயே கட்டிக்கொண்டு போனாள். அன்றும் காய் இருந்தது, அதையும் எழுதினார். முதுகில் யாரோ போட்டது அவளுக்கே தெரியவில்லை. இரவு என் வீட்டுக்கு வந்து, "டிவிதான் வேண்டாம்னு வந்துட்டனுங்களே ஐயா, இன்னும் எதுக்குங்க போடறாங்க?" என்று கேட்டாள். மறுநாள் நான் எஸ்டேட்டுக்குப் போய் ரைட்டரிடம் பேசினேன். யார் கூடை என்று திரும்பவும் கேட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பறிக்கிறவர்கள் வரிசையாக மேட்டிலிருந்து இறங்கினார்கள். பனியில் முகம் தெரியவில்லை. பேச்சுச் சத்தம் இல்லாமல் வந்தார்கள். அவள் கூடையைக் கவிழ்த்தாள். காய் மேலேயே கிடந்தது.

ஆட்டம் நவம்பர் கடைசி ஞாயிறு வரை நடந்தது. ஒரு மளிகைக் கடைக்காரர் வென்று டிவியை வாங்கிக்கொண்டு போனார். உரிமை வாங்காததால் அதைப் பற்றி எந்தப் பதிவிலும் ஒரு வரிகூடக் கிடையாது. தாய் நிகழ்ச்சியின் பதிவை நான் குறித்த நாளில் அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது முறை எழுதியதும் அவள் பேர் அடிபட்டது. லைன் வீட்டை நவம்பர் 20 சனிக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒண்டிக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்று பார்த்தோம். அறைக்கு முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு, சாமான் ஏற்றிவந்த ஜீப்புக்கு நூற்று எண்பது. கதவில் பழைய பூட்டு இருந்தது. அதற்கு எத்தனை பேரிடம் சாவி இருக்கும் என்று அவள் கேட்டதால், புதுப் பூட்டு முப்பத்தைந்து. மொத்தம் ஆயிரத்து எழுநூற்றுப் பதினைந்து ரூபாய்.