கோட்டை வாசலில் விசாரித்த மச்சாள்

வறுத்த கச்சான் கடலை வாசம்... திருகோணமலைக் கோட்டை வாசலை நெருங்கும்போதே மூக்கில் ஏறிவிடும்.

கல்யாணம் முடித்துப் பதுளையிலிருந்து வந்த புதிது. எழுபதுகளின் கடைசி. துறைமுகத்தில் வேலை செய்த என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாரும், கோட்டை பார்ப்பம்" என்றார். நானும் நைலெக்ஸ் சேலையும் கமெராவுமாக டூரிஸ்ட் மாதிரிப் புறப்பட்டேன்.

வாசலில் கச்சான் விற்ற முஸ்லிம் அண்ணனை எல்லோரும் நானா என்பார்கள்; கிண்ணியாக்காரர். இவரைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி, மச்சாள் எப்படி இரிக்கா? ஊர் புடிச்சிட்டாமா?"

"ஓம் நானா, பிடிச்சுப்போச்சு."

"பகல்ல தனிய இரிக்கிற, பாவம். வெளிய கூட்டிப் போங்க."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் மச்சாள் என்றால் மாமன் மகள், அத்தை மகள். கட்டிக்கொள்ளும் முறை. அண்ணன் மனைவியை அண்ணி என்றுதான் சொல்வோம். இந்த ஊரில் தனியே இருக்கும் மச்சாள் யார்? எங்கள் கல்யாணத்துக்கு வராத இவருடைய மாமன் மகள் ஒருத்தியைப் பற்றி அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது...

உள்ளே மான்கள் மேய்ந்தன. நான் இவரைத்தான் பார்த்தேன். எந்த மர நிழலில் காற்று வரும் என்பதுகூட இவருக்குத் தெரிந்திருந்தது. யாரோடு வந்து பழகிய இடம் இது?

கடலுக்கு மேலே பாறையில் ஒல்லாந்தர் காலத்துக் கல்தூண். காதலன் கப்பலேறிப் போய்விட்டதால் ஒரு பெண் அங்கிருந்து குதித்தாளாம்.

"அது சும்மா கதை. அவ பிறகு வேற ஆளை முடிச்சு நல்லா இருந்தவவாம்" என்றார்.

ஓகோ... இதை ஏன் என்னிடம் சொல்கிறார்? யாரைச் சமாதானப்படுத்துகிறார்? விடிந்ததும் பதுளைக்கு பஸ் ஏறுவது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

"யாருங்க அந்த மச்சாள்?"

"எந்த மச்சாள்?"

"நானா விசாரிச்ச மச்சாள்."

தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது நீர்தானப்பா. இங்க அண்ணன் தம்பியின்ர மனுசியும் மச்சாள்தான்; நான் அவருக்குத் தம்பியெண்டால் நீர் மச்சாள்தானே. மற்றவன்ர மனுசியோட நேர கதைக்கிறது மரியாதையில்லையெண்டு என்னட்டைக் கேட்டவர்."

நான் நம்பவில்லை. நன்றாக ஜோடித்த பொய் என்றுதான் நினைத்தேன். பஸ் ஏறுவதை மட்டும் ஒத்திப்போட்டேன். பிறகொரு நாள் நானாவின் தங்கச்சி தொதல் இனிப்போடு வீட்டுக்கு வந்து, "மச்சாள், நிக்கிறீங்களா?" என்று என்னைக் கூப்பிட்டபோதுதான் மூச்சு வந்தது.

அதோடு திருந்தினேனா? எங்கே... இவர் வேலையால் பிந்தி வந்த நாளெல்லாம் சேர்ட்டை முகர்ந்து பார்த்தவள் நான்.

இப்போது என் மகள் போன் மேப்பில் ஒரு புள்ளியைப் பார்த்தே மருமகன் எந்தக் கடையில் நிற்கிறார் என்று சொல்லிவிடுகிறாள். சந்தேகப்பட வேலையே இல்லை.

இவர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பின்னேரங்களில் வீடு அமைதியாக இருக்கிறது. சண்டை பிடிக்கவாவது ஒருநாள், எவ்வளவு பிந்தியென்றாலும், வரமாட்டாரா என்றிருக்கிறது...