பென்னலூர் மைதானத்தில் ஒரு ஹாக்கி அணி

ஹாக்கி அணி மேனேஜருக்கு ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாமே தலைவலிதான். ஆபீஸில் ஏதாவது ஒரு டீமை நடத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எங்கள் பம்பு கம்பெனி, சம்பளத்துக்கு ஆட்களை வைத்து ஒரு ஹாக்கி அணி தொடங்கியது. ஸ்டோர்ஸில் இருந்த என்னை மேனேஜராக்கினார்கள். சின்ன ஊர், ஒரு அணியை எத்தனை நாள் தாங்கும் என்று எல்லாரும் என்னையே கேட்டார்கள்.

முதல் ஆட்டம்

பென்னலூர் மைதானத்தில் நாலு மணிக்கு ஆட்டம். மூன்றரைக்கு ஷிப்ட் முடியும். கம்பெனி பஸ்ஸை இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது. ஆட்டம் பார்க்க வரவேண்டிய எங்கள் தொழிலாளர்களெல்லாம் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே மைதானத்தைத் தாண்டிப் போனார்கள். டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் என்னிடம் சொன்னார்: "ஆட்டம் பாக்கவா சார் பஸ் வுட்டுகினு இருக்கோம்?"

கோல்கீப்பரின் விரல்

செல்லப்பாண்டி கோவில்பட்டிக்காரன், அருமையான கோல்கீப்பர். ஒருநாள் லைனில் ஆள் குறைந்தது என்று அவனை பிரஸ் மெஷினில் நிறுத்திவிட்டார்கள். பழக்கமில்லாத வேலை, இரண்டு விரல் நசுங்கியது. நான் லைன் சூப்பர்வைசரிடம் கத்தினேன். "கோல்ல சும்மா நிக்கிற ஆளுதானே சார், இங்க நின்னா இன்னா?" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாண்டியோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் அமைதியாகச் சொன்னான்: "அம்மாகிட்ட பந்து பட்டுச்சுன்னே சொல்லுங்க அண்ணாச்சி, மெஷின்னா பயந்துருவா."

மரப்பெட்டிகள்

ஆனாலும் ஊர் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள்கூட வெயிலில் நின்று பார்த்தார்கள். கன்னியப்பன் என்பவர் ஒவ்வொரு கோலுக்கும் துண்டைச் சுழற்றுவார். கம்பெனி நிற்கும் இடத்தில் பாதி அவர் வயலாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், நாங்கள் கல் பொறுக்கிச் சமன் செய்த மைதானம் முழுக்க லாரித் தடம், நடுவில் புது மெஷின்களின் மரப்பெட்டிகள். கேட்டதற்கு வேறு இடமில்லை என்றார்கள். கன்னியப்பன் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெலத்த குடுத்தப்போ நான் ஒரு வார்த்த பேசல சார். ஆட்டத்தயாவது வுட்டு வைக்கச் சொல்லு."

டைரக்டர் அறையில்

சொன்னேன். இந்த ஊருக்கு ஹாக்கி ரசிக்கத் தெரியாது, அணியைக் கலைக்கிறோம் என்றார் டைரக்டர். ஒரு ஆட்டத்துக்காவது வந்தீர்களா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை, உத்தரவில் கையெழுத்துப் போட்டபடி கேட்டார்: "ஹாக்கிக்கு ஒரு பக்கம் எத்தனை பேர்?"

ஊர் தாங்கிய அணியைக் கம்பெனியால் ஒரு வருஷம்கூடத் தாங்க முடியவில்லை, பழி மட்டும் ஊர் தலையில்.