சாவு மேளம் ஏறிய தட்டு

இந்த வயதில் உனக்கு எதற்குப் புது ஆல்பம் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். பறையை எடுத்துவிட்டு மெஷின் மேளம் வை என்றார்கள். முடியாது என்றேன். அந்த 'முடியாது' எனக்குப் பழையது. யார் தயவும் இல்லாமல் பாட நினைக்கிற பிள்ளைகளுக்காக அதைச் சொல்கிறேன். எனக்கு எழுத வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

1. கேட்

மலாயாக் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். சிம்பாங் அம்பாட் பக்கம் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. சாயங்காலம் கேட்டை மூடினால் காலையில்தான் திறக்கும். ஒரு பிடி அரிசி வெளியே போனாலும் காட்டில் இருப்பவர்களுக்குத்தான் போகிறது என்று சந்தேகம்.

நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். திருவிழா, கல்யாணம் என்றால் பாடுவேன். அந்த வருடம் அண்ணன் காய்ச்சலில் செத்துப்போனான். இடுகாடு கம்பிக்கு வெளியே, காட்டோரம். பறை அடித்தால் அது காட்டுக்காரனுக்குச் சிக்னல் என்று மேளத்தையே தடுத்துவிட்டார்கள். எங்கள் சனத்தில் மேளம் இல்லாமல் பிணம் வாசல் இறங்காது. அண்ணன் இறங்கினான். அவன்மேல் ஒரு பாட்டுக் கட்டினேன். பறையோடுதான் அதைப் பாடுவேன் என்று இருந்தேன்.

மலாக்கா டவுனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் கோயிலில் என் குரலைக் கேட்டு, "வாப்பா, தட்டுப் போடலாம்" என்று கூப்பிட்டார். நானும் பறை அடிக்கும் மாரிமுத்துவும் கிளம்பினோம். பக்கத்து வீட்டுக்காரன் கல்யாணத்துக்கு வைத்திருந்த சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருந்தேன். தட்டில் சட்டை தெரியாது என்பதுகூடத் தெரியாத காலம்.

கேட்டில் காவலுக்கு நின்ற தமிழர் மறித்தார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்; சுருக்கமாக எஸ்.சி. என்போம்.

"டேய் பாட்டுக்காரா, மோளத்துக்குள்ள என்னா ஒளிச்சி வச்சிருக்க?"

மாரிமுத்து பறையைத் திருப்பிக் காட்டினான். "ஒரு பக்கந்தான் தோலு ஐயா. பின்னாடி தொறந்து கெடக்கு, தலைய விட்டுப் பாருங்க."

"வாய்க்கொழுப்பு. காஞ்ச ஓல, தீப்பெட்டி எல்லாம் எதுக்கு? எந்த லோரிய கொளுத்தப் போறீங்க?"

"தீ காட்டுனாத்தான் தோலு வெறைக்கும் ஐயா."

"எங்கிட்டயேவா? வச்சிட்டுப் போ லா."

ஓலையையும் தீப்பெட்டியையும் வைத்துவிட்டுப் பறையோடு போனோம்.

2. மாடி

கடைக்கு மேல்மாடி. லோரிச் சத்தம் வராமல் இருக்க ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு சீனர் பாட்டுப் பதிகிற மெஷினோடு வந்திருந்தார். வெளியே விடாத மழை. மாரிமுத்து ஒரு தட்டுத் தட்டினான். 'பொத்' என்றது.

"என்னா இது, நனஞ்ச சாக்கு மாதிரி?" என்று முதலாளி சிரித்தார். பிறகு ஒரு பேப்பரை நீட்டினார். "மோளத்த வெளிய வை. சாவு மோளம் கேக்குற தட்ட எவன் வீட்டுக்கு வாங்கிட்டுப் போவான்? தபேலாக்காரன் கீழ நிக்கிறான். சினிமா மெட்டுல எழுதி வச்சிருக்கேன், இதப் பாடு. இல்லன்னா பஸ்ஸப் புடி."

"எனக்குப் படிக்கத் தெரியாது மொதலாளி."

"நான் சொல்லித் தாரேன்லா."

"கொளுத்தத் தெரியும்" என்றேன்.

தட்டுகள் வந்த பெட்டியில் வைக்கோல் அடைத்திருந்தது. அதை வாரினேன். மேசைமேல் முதலாளியின் தீப்பெட்டி. பின்படிக்கட்டில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின்னில் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினேன். முதலில் பற்றியது அந்த சினிமா மெட்டுதான்.

சீனர் "ஆப்பி! ஆப்பி!" என்று கத்தினார். மலாயில் நெருப்பு. முதலாளி வேட்டியைத் தூக்கிக்கொண்டு குதித்தார். மாரிமுத்து மட்டும் தோசை திருப்புவதுபோல நிதானமாகப் பறையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அடித்தான். மாடியே அதிர்ந்தது.

ஓடிய சீனர் வாசலில் நின்று திரும்பினார். "இன்னொரு தரம் அடி" என்றார் மலாயில். அடித்ததும் மெஷினிடம் போய் உட்கார்ந்தார். "சூடு ஆறுறதுக்குள்ள பாடு."

முதலாளி கையை உதறினார். "பாடித் தொல. என் கடப் பேரு இதுல வராது."

"வேணாம் மொதலாளி. எங்கண்ணன் பேரப் போடுங்க."

3. தெவசம்

தட்டு வந்து சேர்ந்தது. அண்ணனின் வருடத் தெவசத்தன்று, கேட் மூடிய பிறகு, லயத்து வாசலில் கிராமபோனை வைத்துச் சாவி கொடுத்தேன். முதல் அடி விழுந்ததும் சனம் எல்லாம் வெளியே வந்து நின்றது. எஸ்.சி. துப்பாக்கியோடு ஓடி வந்தார்.

"எவன்டா மோளம் அடிக்கிறது?"

மாரிமுத்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "என் கை இங்கதான் இருக்கு ஐயா. தட்டு பாடுது."

"நிறுத்து!"

"மோளம் அடிக்கக் கூடாதுன்னு ஆர்டரு. தட்டு போடக் கூடாதுன்னு ஆர்டர் இருந்தாக் கொண்டாங்க, நிறுத்துறேன்" என்றேன்.

பாட்டு முடிந்தது. கிராமபோன் பெட்டியைத் தூக்கினேன்.

"எங்கடா போற?"

"கேட்டுக்கு ஐயா. எங்கண்ணன் அந்த வழியாத்தான் மோளம் இல்லாமப் போனான்."

கேட்டடியில் வைத்து மறுபடி போட்டேன். தட்டு முடியும்வரை அவர் கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான்: குரலை மட்டும் கொடு, மேளத்தை விட்டுவிடு என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு உங்கள் பாட்டு வேண்டாம் என்று அர்த்தம்.

போன மாதம் புது ஆல்பத்துக்கு ரெக்கார்டிங். மாரிமுத்துவின் மகன் பறையோடு வந்தான். தீப்பெட்டியை எடுத்தேன். ஸ்டூடியோ தம்பி பதறிப்போனான்.

"அங்கிள், அலாரம் அடிக்கும் லா!"

"அடிக்கட்டும். தாளத்துல அடிச்சா அதையும் சேத்துக்க."