பட்டாணிக் காட்டில் தொங்கிய டிவிடி

இருளாயியை கோகுல்ராஜ் முதன்முதலில் பார்த்தது நாயுடுபுரத்தில் அவன் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில், ஒரு புரட்டாசி மாத ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் பீன்ஸ் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், தலையில் துண்டு, நகக்கண்ணில் ஈர மண். கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு, பைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பாலித்தீன் கவருக்குள் பழைய சேலைத்துணி, துணிக்குள் காகித உறை, உறைக்குள் ஒரு டிவிடி.

"தம்பி, இதக் கொஞ்சம் ஓட்டிக் காட்டு. எம் மக பேசுறது இதுலதான் கெடக்கு."

கடையில் அன்று கூட்டம். வருமானச் சான்றுக்கு மூன்று பேர், ஹால் டிக்கெட் எடுக்க ஒருத்தர். கோகுல்ராஜின் நாற்காலிக்குப் பின்னால், சாமி படத்துக்கும் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவனுடைய பட்டம் தொங்கியது. பூம்பாறையில் பூண்டுக் காட்டையே பார்த்து வளர்ந்த குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன். கடைப் பலகையில் கடையின் பெயரைவிட 'கோகுல்ராஜ் பி.எஸ்சி.' என்ற எழுத்துதான் பெரியது. அக்கம்பக்கத்தில் அவனுக்குப் பெயரே பட்டதாரித் தம்பி.

அவன் டிஸ்கை வாங்கிப் பார்ப்பதற்குள் இருளாயி பேச ஆரம்பித்துவிட்டாள். வில்பட்டியில் அரை ஏக்கர் காடு. ரோகிணிக்கு நாலு வயதாகும்போது வீட்டுக்காரர் செத்துப்போனார். அதற்குப் பிறகு தாயும் மகளும்தான். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவை ரோகிணிதான் மைக் பிடித்துத் தொகுத்து வழங்கினாள். அன்றைக்குப் பார்த்து கேரட் லோடு. ஏற்றிவிட்டு இருளாயி பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொகத்தத் தூக்கி வச்சுக்கிருவான்னு பாத்தா, சிரிக்கிறா. 'விடும்மா, டிவிடி தருவாங்க, அதுல பாத்துக்க'ன்னா. தந்தாங்க. பாக்கத்தான் வீட்டுல மிஷினு இல்ல."

"அப்பவே வேற எங்கயாச்சும் போட்டுப் பாத்திருக்கலாமேம்மா?"

"அவ இருந்தப்ப அவளே நாள் முச்சூடும் தொணதொணன்னு பேசிக்கிட்டுக் கெடப்பா. அதுக்கு மேல டிவிடி வேற எதுக்கு?"

கல்லூரியில் சேர்ந்து எட்டாவது மாதம், நாலு நாள் காய்ச்சலில் ரோகிணி போய்விட்டாள். அந்த டிஸ்கை உறையிலிருந்து எடுக்க இருளாயிக்குத் தெம்பு வர ஏழு வருடம் ஆகியிருந்தது.

கோகுல்ராஜ் டிவிடி டிரைவை இணைத்து டிஸ்கைப் போட்டான். கம்ப்யூட்டரோடு வந்திருந்த பிளேயர் திறந்தது. சக்கரம் சுற்றியது. 'இயக்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. டிஸ்கை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டான். அதே பெட்டி. பின்னாலிருந்து ஹால் டிக்கெட்காரர், "தம்பி, வெரசா முடி, பஸ் போயிரும்" என்றார்.

இது ஏன் ஓடவில்லை என்று கோகுல்ராஜுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்ற ஒரு சொல்லை அவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரிடமும் சொன்னதில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லம்மா. காலி டிஸ்க்."

"நல்லாப் பாரு சாமி. பள்ளிக்கூடத்துல குடுத்ததுய்யா."

"மாத்திக் குடுத்திருப்பாங்க. நான் மூணு வருஷம் இதையே படிச்சவன்மா." பெருவிரலால் பின்னாலிருந்த சட்டத்தைக் காட்டினான்.

இருளாயி நிமிர்ந்து அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள். "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்" என்றாள். டிஸ்கை அவள் திரும்பத் துணியில் சுற்றவில்லை. அப்படியே வெறும் தட்டாகச் சந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். போகிறபோது கோகுல்ராஜ் அதைப் பார்த்தான். அப்போது அவனுக்கு அது ஒரு விஷயமாகப் படவில்லை.

மார்கழி பிறந்து சில நாள் கழித்து, ரோகிணி படித்த அதே பள்ளியிலிருந்து மணிமேகலை டீச்சர் ஒரு டிவிடியோடு வந்தார். பிள்ளைகள் ஆடிய நடனம், போன வாரம் எடுத்தது, அதிலிருந்து போட்டோ பிரித்துத் தர வேண்டும். கோகுல்ராஜ் டிஸ்கைப் போட்டான். அதே சக்கரம், அதே பெட்டி.

"டீச்சர், இதுல ஒண்ணும் இல்லையே."

"என்னது? வீட்டு டிவியில போட்டுப் பாத்துட்டு இப்பத்தான் வர்றேன். ஒண்ணும் இல்லாதது டிஸ்க்குலயா, உங்க கம்ப்யூட்டர்லயா பி.எஸ்சி. சார்?"

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கோகுல்ராஜின் காது சூடேறியது. இணையத்தில் தேட ஆரம்பித்தான். புதிய கம்ப்யூட்டர்களோடு வரும் பிளேயருக்கு டிவிடி ஓட்டவே தெரியாது, அதற்கு வேறு மென்பொருள் போட்டாக வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. பள்ளிப்பிள்ளைகூடப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய நாலு வரி.

இலவசம் என்று கிடைத்த முதல் மென்பொருள், போட்டு முடித்ததும் கார்டு நம்பரைக் கேட்டது. இரண்டாவது திரை முழுக்க விளம்பரத்தைக் கொட்டியது. மூன்றாவது, ஆரஞ்சுக் கூம்புப் படம் போட்ட வி.எல்.சி. அது எதையும் கேட்கவில்லை. டிஸ்கைக் காட்டியதும் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்று ஆட ஆரம்பித்தார்கள்.

"பரவாயில்ல, பாஸ் பண்ணிட்டீங்க" என்று டீச்சர் சிரித்தார்.

கோகுல்ராஜால் சிரிக்க முடியவில்லை. துணி சுற்றாமல் சந்தைப் பைக்குள் போன ஒரு டிஸ்க் அவன் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் வெள்ளனே கடையைத் திறக்காமல் வில்பட்டிக்குப் பஸ் ஏறினான். விசாரித்துப் போனான். இருளாயியின் காட்டில் பட்டாணி காய் பிடித்திருந்தது. குருவி இறங்காமலிருக்க ஊன்றுகுச்சிகளில் நைலான் கயிறு கட்டி, பழைய சினிமா, பக்திப் பாட்டு டிஸ்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் காடுகளில் எல்லோரும் செய்வதுதான். இளவெயிலில் எல்லாம் சுழன்று சுழன்று மின்னின. கோகுல்ராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"யாரு, பட்டதாரித் தம்பியா? என்ன இம்புட்டுத் தூரம்? பட்டாணி வேணுமா?"

"அம்மா, அன்னிக்குக் கொண்டாந்த டிஸ்க்கு..."

"அதுவா? அந்தா, தண்ணித் தொட்டிப் பக்கத்துல தொங்குது பாரு. ஒண்ணுமில்லன்னுட்ட. சும்மா பொட்டியில கெடக்குறதுக்கு, குருவியவாச்சும் வெரட்டட்டுமேன்னு கட்டிட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "இருந்தாலும் அவளுக்குன்னு தந்ததுல்ல. களை எடுக்கையில கண்ணுல படுற எடமாப் பாத்துத்தேன் கட்டுனேன்."

கோகுல்ராஜ் தொட்டியருகே போனான். மூன்று மாத மழை, பனி, மலை வெயில். அடிப்பக்கத்து ஊதா நிறம் பாதிக்குமேல் வெளுத்திருந்தது. காற்றில் குச்சியோடு மோதி மோதி வட்டம் வட்டமாகக் கீறல். ஓரத்தில் மேல்பூச்சு உரிந்திருந்தது.

"அது காலி டிஸ்க் இல்லம்மா" என்றான். "என் கம்ப்யூட்டர்லதான் அத ஓட்டுற சாப்ட்வேர் இல்ல. எனக்கு அது தெரியல. தெரியலன்னு சொல்ல மனசு வரல. காலின்னு சொல்லிட்டேன்."

இருளாயி களைக்கொத்தைக் கீழே போட்டாள். அவனைத் திட்டுவாள் என்று நின்றான். அவள் அவனைத் தாண்டிப் போய், முடிச்சை அவிழ்க்க வராமல், கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். டிஸ்கை முந்தானையில் துடைத்தாள், வெகுநேரம் துடைத்தாள்.

"சரி, வா. போட்டுப் பாக்கலாம்" என்றாள்.

கடைக்கு வந்து போட்டபோது வி.எல்.சி. அந்த டிஸ்கோடு திணறி நின்றுவிட்டது. கெட்டுப்போன டிஸ்கில் வாசிக்க முடிந்ததை மட்டும் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. கோகுல்ராஜ் அதைப் போட்டுவிட்டான். முற்பகலில் ஆரம்பித்தது பொழுது சாயும்வரை ஓடியது. இருளாயி அவன் எடுத்துப்போட்ட முக்காலியைவிட்டு எழவில்லை. வாங்கிவந்த டீ ஆறிப்போனது.

ஒன்றரை மணி நேர விழாவில் மிஞ்சியது பதினான்கு வினாடி.

கட்டம் கட்டமாக உடைந்து ஒரு மேடை தெரிந்தது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைமையாசிரியைக்காக மைக்கின் உயரத்தைக் குறைக்கிறாள். தலைமையாசிரியை செருமுகிறார். பெண் ஓரமாக நகர்கிறாள். முகம் திரும்புவதற்குள் படம் உறைந்துவிடுகிறது. அவள் பேசிய ஒரு சொல்கூட இல்லை.

"இவதான்" என்றாள் இருளாயி. "இன்னொருக்காப் போடு."

போட்டான்.

"அந்த ரிப்பன் நான் கட்டுனது. லோடுக்கு நேரமாச்சுன்னு வலப்பக்கம் தளரக் கட்டிட்டேன். பாரு, சரிஞ்சு கெடக்கு. அதோடயே மேடையேறியிருக்கா." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "அவளத் திரும்பிப் பாக்கச் சொல்லேன் தம்பி" என்றாள்.

கோகுல்ராஜ் மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் படித்த மூன்று வருடப் படிப்பில் அதற்கு வழி இல்லை.

அதற்குப் பிறகு அவன் தேடாத இடமில்லை. மணிமேகலை டீச்சர் பள்ளி பீரோவைக் கவிழ்த்துப் பார்த்தார். அந்த வருடத்து டிஸ்க் மட்டும் இல்லை. படமெடுத்த ஸ்டுடியோ மூடி நாளாகிவிட்டது. ரோகிணியோடு படித்த பெண்களில் ஐந்து பேரைத் தேடிப் பிடித்தான். ஒருத்தி பழைய சாமானோடு போட்டுவிட்டதாகச் சொன்னாள், மற்றவர்களுக்கு ஞாபகமே இல்லை. அவன் வில்பட்டிக்கு மன்னிப்புக் கேட்கப் போனபோது இருளாயி, "நீ என்ன, வேணும்னேவா செஞ்ச?" என்று சொல்லிவிட்டுக் களையெடுக்கக் குனிந்துகொண்டாள். தொட்டிப் பக்கத்துக் குச்சியில் அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது.

இப்போதும் இருளாயி வில்பட்டியில்தான் இருக்கிறாள். காட்டில் டிஸ்குகளை எல்லாம் கழற்றிவிட்டாள். குருவிக்குச் சேலைக் கிழிசலைக் கட்டியிருக்கிறாள். அவளிடம் இருப்பது பட்டன் போன். அதில் படம் ஓடாது. கோகுல்ராஜ் தர நினைத்த புது போனையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தை முடிந்ததும் நாயுடுபுரத்துக் கடைக்கு வருகிறாள், அந்த முக்காலியில் உட்கார்ந்து பதினான்கு வினாடியை மூன்று தடவை பார்க்கிறாள், பிறகு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போகிறாள்.