அப்பாவின் நெஞ்சுவலியை முதலில் கேட்டவர்

எங்கள் அன்பு அப்பாவைக் கர்த்தர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். மகள் எழுதினால் புகழ்ந்துதான் எழுதுவாள் என்று நினைப்பீர்கள். புகழ நிறைய இருக்கிறது. கூடவே வயிற்றெரிச்சலும் இருக்கிறது. அதை ஒளித்து எழுத எனக்கு வராது.

அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்தார். தறியில் உட்கார அவருக்குப் பொறுமை இல்லை. ஆம்பூருக்கு வந்து ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பைபாஸ் ஓரத்தில் சொந்தக் கடை போட்டார். ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களின் பைக்கும் தோல் ஏற்றும் லோடு ஆட்டோவும் அந்தக் கடையை நம்பித்தான் ஓடின. டூப்ளிகேட்டை ஒரிஜினல் என்று சொல்லி அவர் விற்றதில்லை. தோல் தொழில் படுத்தபோது கடையும் காற்று வாங்கியது. அப்போதும் என் நர்சிங் படிப்பை அவர் நிறுத்தவில்லை.

கடைக்கு எதிரே பாயின் மெக்கானிக் பட்டறை. காலை டீ, மாலை டீ, நடுவில் சண்டை, எல்லாம் அப்பாவுக்கு அவரோடுதான். வீட்டில், "கடையில இன்னாப்பா விசேஷம்?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல பாப்பா" என்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அதே மனிதர் பட்டறை வாசலில் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறேன். "பிரஷர் பாக்கலாம், உக்காருங்கப்பா" என்றால், "எனக்கு இன்னா கேடு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நெஞ்சு வலித்த அன்று அவர் நேரே போனது பட்டறைக்கு. "பாய், உள்ள இன்னாவோ சத்தம் வருது, பாரு" என்றாராம். பாய் இன்ஜின் சத்தம் பார்ப்பதைப் போலவே நீளமான ஸ்க்ரூ டிரைவரை அப்பாவின் நெஞ்சில் ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்தாராம். இருவரும் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கும்போதே அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பாய் உடனே வேலை முடிந்து நின்ற ஒரு வேனில் அவரை ஏற்றி, என் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். "பாப்பாவுக்கு போன் பண்ணாத, பயந்துடும்" என்று அப்பா வழியெல்லாம் சொன்னாராம். தினமும் நோயாளிகளோடு இருக்கும் நான் பயந்துவிடுவேனாம்! அன்று மாலையே அப்பா கண்மூடினார்.

என் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு நாளும் தன் நெஞ்சில் வைக்க விடாதவர், ஸ்க்ரூ டிரைவருக்குச் சட்டையைத் திறந்து காட்டியிருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் உறவினர்கள் எங்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். மெக்கானிக்குகளும் டிரைவர்களும் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் நின்ற பாயிடம் போனார்கள். "தைரியமா இருங்க பாய்" என்று ஒவ்வொருவராக அவர் கையைப் பிடித்தார்கள். போனது என் அப்பா; துக்கம் விசாரிப்பது அவரிடமா? நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க கிட்ட சொல்லாததெல்லாம் உங்க கிட்டதானே சொன்னாரு? அப்படி இன்னாதான் பேசுனீங்க?"

பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னப் பத்திதான் பாப்பா. நீ டூட்டிக்குப் போனது, நீ திட்டுனது, நீ செஞ்ச கொழம்பு. கேட்டுக் கேட்டு எனக்கே பேஜாராப் போச்சு."

அதைக் கேட்கும் பாக்கியமும் அவருக்குத்தான் வாய்த்திருக்கிறது.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், என்னோடு பணிபுரியும் செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், துக்க வீட்டுக்குச் சமைத்து அனுப்பிய தெருக்காரர்களுக்கும் நன்றி. கடையை இப்போது அம்மா பார்த்துக்கொள்கிறார். சாமான் அடையாளம் தெரியாவிட்டால் எதிரே குரல் கொடுக்கிறார், பாய் வந்துவிடுகிறார். அவருக்கும் நன்றி.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் பட்டறைக்குப் போகிறேன். பாய் டீ சொல்கிறார். பிறகு அப்பா என்னைப் பற்றிச் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். என் அப்பாவை அவரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறேன்.